மயானம் காலி, யாரை எழுப்புவது?

கேள்வி: நண்பர்கள் நாலு பேர் ஞாயிறு சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் மேஜிக் த கேதரிங் என்ற கார்டு ஆட்டம் ஆடுகிறோம், கமாண்டர் வகை (தலைவராக ஒரு கார்டு, அதைச் சுற்றி மற்றவை). மெரென் ஆஃப் க்ளான் நெல் டோத்தைத் தலைவியாக வைத்து மயான டெக் (செத்த, தள்ளிய கார்டுகள் கிடக்கும் குவியலிலிருந்து எழுப்பி ஆடும் கட்டு) கட்டியிருக்கிறேன். ஷியோல்ட்ரெட் மாதிரி பெரிய உருப்படிகளாகவே இருபது. மயானத்தை நிரப்ப நாலு கார்டு, ஃபெய்த்லெஸ் லூட்டிங்கையும் சேர்த்து. ஆறாவது டர்ன் வந்தாலும் மயானத்தில் ஒன்றிரண்டுதான் கிடக்கிறது. கொஞ்சம் சேர்ந்தால் ஒருத்தன் போஜுக்கா பாக் இறக்கி மொத்தத்தையும் துடைத்துவிடுகிறான். எதை எடுக்க, எதைச் சேர்க்க? இதற்கு நடுவில் 'வீட்டுக்குள்ள சுடுகாட்டை விரிக்காதடா' என்று அப்பாயி வேறு.
– பெயர் வேண்டாம், மயிலாடுதுறை

பதில்: முதலில் அப்பாயி. உங்கள் மாவட்டத்திலேயே, திருக்கடையூருக்குப் பக்கத்தில், கடவூர் மயானம் தேவாரம் பாடப்பெற்ற சிவன் கோயில். கும்பகோணம் பக்கம் போனால் நாலூர் மயானம். இதெல்லாம் அவருக்கு உங்களையும் என்னையும்விட நன்றாகத் தெரியும். விளக்கு வைக்கிற நேரத்தில் கார்டைப் பரப்பாமல் இருங்கள், அவர் ஒன்றும் சொல்லமாட்டார்.

ஃபெய்த்லெஸ் லூட்டிங்கை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அது சிவப்பு. மெரென் கறுப்பும் பச்சையும். கமாண்டரின் நிறத்துக்கு வெளியே ஒரு கார்டும் வைக்கக்கூடாது என்பது விதி. இதை உங்கள் நண்பர்கள் யாரும் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

இனி விஷயத்துக்கு வருவோம். இருபது பூதங்களையும் நாலே நாலு நிரப்பும் கார்டுகளையும் வைத்துக்கொண்டு ஆடுவது, நாற்று விடாமல் நடவுக்கு ஆள் கூப்பிட்ட கதை. கமாண்டர் போக உங்களிடம் 99 கார்டு. மூன்றாவது டர்னுக்குள் பத்து கார்டு பார்த்திருப்பீர்கள். நிரப்பும் கார்டு நாலுதான் என்றால், நூறு ஆட்டத்தில் ஏறக்குறைய 65 ஆட்டத்தில் அந்தப் பத்தில் ஒன்றுகூட இருக்காது. அதையே பன்னிரண்டாக்கினால் 65 என்பது 26 ஆகக் குறையும். அதிர்ஷ்டம் சரியில்லை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தது இந்தக் கணக்கைத்தான்.

பன்னிரண்டுக்கு எங்கே போவது? ஸ்டிச்சர்ஸ் சப்ளையருக்கு ஒரே மானா (கார்டை இறக்கக் கொடுக்கும் விலை), வரும்போது மூன்று கார்டு மயானத்துக்குப் போகும், சாகும்போது இன்னொரு மூன்று. சாட்டிர் வேஃபைண்டர் மேலிருந்து நாலு கார்டைத் திறந்து, ஒரு லேண்டை (மானா தரும் கார்டு) கைக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தை மயானத்தில் தள்ளும். என்டூம் உங்களுக்கு வேண்டிய ஒரே கார்டைத் தேடி எடுத்து நேராக மயானத்தில் போடும். இப்படிப் பார்த்துப் பார்த்துச் சேருங்கள். எலும்புக்கூடு படம் போட்டிருக்கிறது என்பதற்காக மட்டும் உள்ளே வந்த கார்டுகளுக்கு விடை கொடுத்தால் இடம் தானாகக் கிடைக்கும்.

ஆனால் மெரெனுக்கு உண்மையான சோறு போடுவது சக்குரா-ட்ரைப் எல்டர். இரண்டு மானா, 1/1 (அடி ஒன்று, தாங்குவது ஒன்று), பார்க்க ஒன்றுமில்லை. இரண்டாவது டர்னில் இறக்குங்கள், உடனே பலி கொடுத்து ஒரு பேசிக் லேண்டைத் தேடிக் களத்தில் வையுங்கள். டர்னுக்கு ஒரு லேண்ட் தவறாமல் வைத்தால் மூன்றாவது டர்னில் நாலு மானா, மெரென் வந்தாச்சு. உங்கள் வேறு கிரீச்சர் (களத்தில் நிற்கும் உருப்படி) ஒன்று செத்தால் மெரென் ஒரு எக்ஸ்பீரியன்ஸ் கவுண்டர் தருவாள்; உங்கள் டர்ன் முடிவில் மயானத்திலிருந்து ஒரு கிரீச்சரை எடுப்பாள், அதன் மானா மதிப்பு கவுண்டர் எண்ணிக்கைக்குள் இருந்தால் களத்துக்கு, இல்லையென்றால் கைக்கு. இப்போது கவுண்டர் ஒன்றும் இல்லாததால், டர்ன் முடிவில் எல்டர் கைக்குத்தான் திரும்பும். பரவாயில்லை. நாலாவது டர்னில் அஞ்சு மானா: இரண்டுக்கு எல்டர், மூன்றுக்கு ஃப்ளெஷ்பேக் மரோடர். மரோடர் வந்ததும் எல்லாரும் ஆளுக்கொரு கிரீச்சரைப் பலி கொடுக்க வேண்டும். நீங்கள் மரோடரையே கொடுத்துவிடுங்கள், அப்புறம் எல்டரையும். இரண்டு சாவு, இரண்டு கவுண்டர். டர்ன் முடிவில் எல்டர் நேராகக் களத்துக்கே வந்து உட்காரும். ஆறாவது டர்னில் காலி மயானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு நாலாவது டர்னிலேயே வண்டி ஓட ஆரம்பித்துவிட்டது, ஒரு பூதத்தையும் தொடாமல்.

இதோடு ஒரு கவுண்டர் இருந்தாலே எழுந்துவிடும் விஸரா சீர் வேண்டும். நினைத்தபோது யாரையும் பலி கொடுக்கலாம், மானா செலவில்லை. கிரே மெர்ச்சண்ட் ஆஃப் அஸ்ஃபோடெலும் கட்டாயம். அஞ்சு கவுண்டர் சேர்ந்தபின், மெரெனும் அவரும் மட்டும் களத்தில் இருந்தாலே எதிரிகள் மூவருக்கும் ஆளுக்கு மூன்று உயிர் போகும், உங்களுக்கு ஒன்பது ஏறும். சீர் கையில் அவரைக் கொடுத்து ஒவ்வொரு டர்னும் திரும்ப எழுப்புங்கள். ஸ்போர் ஃப்ராக் பற்றி யாராவது சொல்வார்கள்: ஒரு மானா, பலி கொடுத்தால் அந்த டர்ன் சண்டை அடி எல்லாமே ரத்து. மெரெனோடு சேர்ந்தால் சுற்றுக்கு ஒரு முறை ஒருத்தருடைய தாக்குதல் வீண். தவளையை வைக்கலாம், ஆனால் அடுத்த வாரம் திண்ணைக்கு ஆள் வருவது சந்தேகம்.

பெரியவர்கள் அஞ்சாறு பேர் போதும். ஷியோல்ட்ரெட் (விஸ்பரிங் ஒன் என்ற கார்டு) இருக்கட்டும், அவரே டர்னுக்கு ஒருவரை எழுப்புவார். தேர்ந்தெடுக்கும்போது கார்டில் எழுதியிருப்பதை நிதானமாகப் படியுங்கள். களத்துக்குள் வரும்போது ஏதாவது செய்யும் என்றிருந்தால் வையுங்கள். மானா கொடுத்துக் காஸ்ட் செய்யும்போது மட்டும் பலன் என்றிருந்தால் வேண்டாம், எழுப்பப்பட்டவருக்கு அது நடக்காது. விலையில் எக்ஸ் (எவ்வளவு மானா என்பது உங்கள் விருப்பம்) உள்ள ஹைட்ராக்களும் அப்படித்தான், எழுப்பினால் எக்ஸ் பூஜ்யம். பல ஹைட்ராக்கள் வந்த வேகத்தில் திரும்பப் போய்விடும்.

எழுப்ப அனிமேட் டெட், ரீஅனிமேட் இரண்டும் நல்ல துணை. அனிமேட் டெட் 1993-இல் ஆட்டம் வந்த முதல் தொகுப்பிலேயே இருந்த கார்டு. இரண்டும் யார் மயானத்திலிருந்தும் எடுக்கும், உங்களுடையது மட்டுமல்ல. ரீஅனிமேட்டுக்கு எழுந்தவரின் மானா மதிப்பு அளவு உயிர் போகும், கமாண்டரில் 40 உயிரோடு தொடங்குகிறோம் என்பதால் ஏழெட்டு போனால் வலிக்காது. எதிரே இருப்பவர் ஆசையாக வளர்த்த பூதம் செத்த அடுத்த நிமிஷம் உங்கள் பக்கம் எழுந்தால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்!

போஜுக்கா பாக் லேண்ட், அதனால் ஸ்பெல்லைத் தடுப்பதுபோல் தடுக்க முடியாது. ஆனால் மெரென் டர்னுக்கு ஒருவரைத்தான் எழுப்புகிறாள். நல்ல கார்டு மூன்று நாலு கீழே இருந்தால் போதுமே, இருபதைக் குவித்து வைத்து ஏன் கண்ணுக்குக் காட்ட வேண்டும்? ஒரு பெரியவரைக் கையிலேயே வைத்திருங்கள். மயானத்தில் எல்டரும் வேஃபைண்டருமாகக் கிடக்கும்போது அவன் பாக் இறக்கினால் நஷ்டம் அவனுக்கு. நிஜமாகப் பயப்பட வேண்டியது ரெஸ்ட் இன் பீஸ். அது களத்தில் இருக்கும்வரை எதுவும் மயானத்துக்கே போகாது, அதனால் மெரெனுக்குக் கவுண்டரும் ஏறாது. அதை உடைக்க ரெக்லமேஷன் சேஜை மயானத்தில் அல்ல, கையில் வைத்திருக்க வேண்டும்.

என்டூம் விலை கூடுதல்தான். திண்ணை ஆட்டத்துக்கு ஜெராக்ஸ் எடுத்து உறையில் செருகிக்கொள்ளலாம், நண்பர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் தப்பில்லை. போட்டி என்று எங்காவது போனால் அசல் கார்டுதான் செல்லும். காசு இருந்தால் முதலில் எல்டரையும் சப்ளையரையும் வாங்குங்கள், என்டூம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.