மாலையில் தெளியும் ஜலதோஷம்

கேள்வி: என் மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். ஆறு மாதமாக ஆளே மாறிவிட்டான். போதைப் பழக்கத்தின் அறிகுறிகளைப் பட்டியல் போட்டுத் தர முடியுமா? அவன் பையைச் சோதித்தேன், சிகரெட்கூட இல்லை. கஞ்சா வாசனையும் வந்ததில்லை. மாதத்தில் இரண்டு மூன்று முறை ஜலதோஷம், உடம்பு வலி என்று சுருண்டு படுத்துக்கொள்கிறான். கஷாயம் கொடுத்தால் வேண்டாம் என்கிறான். சாயங்காலம் வெளியே போய்விட்டு வந்தால் தெளிந்துவிடுகிறான். மாமியாரின் வலி மாத்திரை இரண்டு தடவை அட்டையோடு காணவில்லை. அவன் அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் தோலை உரித்துவிடுவார்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: பட்டியலை நீங்களே எழுதிவிட்டீர்கள், அம்மா. ‘அதெல்லாம் ஒன்றும் இருக்காது’ என்று நான் சொல்ல வேண்டும், அவ்வளவுதானே? அதைச் சொல்ல என்னால் முடியாது. இதுதான் என்று ஒரு கடிதத்தை வைத்து அடித்துச் சொல்லவும் முடியாது.

சிகரெட்டையும் வாசனையையும் தேடியிருக்கிறீர்கள். மாத்திரைக்கு வாசனை கிடையாது. தமிழ்நாட்டில் போலீஸ் அடிக்கடி பிடிக்கும் ‘போதை மாத்திரை’ பெரும்பாலும் டேபென்டடால். கடுமையான வலிக்கு டாக்டர் சீட்டின் பேரில் தர வேண்டிய மருந்து. மூளையில் அபின் செய்யும் வேலையையே செய்கிறது. டிராமடால் என்ற வலி மாத்திரையும் அப்படித்தான். பாட்டியின் மாத்திரைக்கு என்ன பெயர் என்று நீங்கள் எழுதவில்லை. முதலில் அந்த அட்டையைப் பாருங்கள். சாதாரண மூட்டுவலி மாத்திரை என்றால் அதில் போதை இல்லை, வேறு காரணம் தேட வேண்டும்.

என்னை உறுத்துவது அந்த ஜலதோஷம். மூக்கு ஒழுகும், கொட்டாவி கொட்டாவியாக வரும், மயிர் கூச்செறியும், வயிறு போகும், கால் குடையும், ராத்திரி தூக்கம் வராது. இந்த வகை மருந்துக்குப் பழகிய உடம்பு, அது கிடைக்காத நாளில் இப்படித்தான் கெஞ்சும். நிஜமான சளி ஒருமுறை வெளியே போய்வந்தால் குணமாகுமா?

கண்ணைப் பாருங்கள். சினிமாவில் காட்டுகிற சிவந்த கண் கஞ்சாவுக்குப் பொருந்தும். இந்த வகை வலி மாத்திரை போட்டவனுக்குக் கண்ணின் கருமணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருக்கும். மெத்தம்பெட்டமின் என்ற, உடம்பை முறுக்கேற்றும் போதைப்பொருள் என்றால் அகலமாக விரிந்திருக்கும். கத்திரி வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றவில்லையா? ஊசி வரைக்கும் போயிருக்கலாம். அப்புறம் பணம். கேட்கிற தொகையும் சொல்கிற காரணமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

இவற்றில் ஏதோ ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு பையன்மேல் பாயாதீர்கள். ராத்திரி முழுக்க செல்போன் பார்த்தாலும் கண் சிவக்கும். காதலில் தோற்றாலும் கதவைச் சாத்திக்கொள்வான். மனச்சோர்வு நோயிலும் ஆள் இப்படி மாறலாம். அதைப் பிரித்துச் சொல்வது டாக்டர் வேலை. உங்கள் ஊர் அரசு ராஜாஜி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. போகத் தயக்கமாக இருந்தால் 14446 என்ற இலவச எண்ணில் பேசுங்கள். போலீஸ் வருமோ என்ற பயம் வேண்டாம். 1985ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு உண்டு. போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்தால், பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு நடத்துவதிலிருந்து அது விலக்குத் தருகிறது. விற்றவனுக்கு இந்தச் சலுகை கிடையாது.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் டாக்டரைப் பார்க்க நாள் குறித்துவிட்டுச் சொல்லுங்கள். அடித்து அறையில் பூட்டி வைத்தால் பத்து நாளில் விட்டுவிடுவான் என்று அவர் நினைக்கலாம். இந்த மருந்துகளில் அதுதான் பேராபத்து. பத்து நாளில் உடம்பின் தாங்குசக்தி இறங்கிவிடும். வெளியே வந்தவுடன் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். எழுப்பினால் எழவில்லை, குறட்டை விட்டு விட்டு வருகிறது, உதடு நீலம் பாரித்திருக்கிறது என்றால் அசதியில் தூங்குகிறான் என்று விட்டுவிடாதீர்கள், உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

பாட்டியின் மாத்திரை டப்பாவை இன்றைக்கே உங்கள் பீரோவுக்கு மாற்றிவிடுங்கள்.