பேஸ்பாலில் ஒரு இன்னிங்ஸ் வீசுகிறவருக்குக் குளோசர் இடம் ஏன் அவ்வளவு முக்கியம்?

கேள்வி இது: "ரிலீவர் எந்த அணிக்குப் போனாலும் ஒரு இன்னிங்ஸ்தானே வீசப்போகிறார்? அதிகக் காசு தருகிற அணிக்குப் போகாமல் ‘நான்தான் குளோசர்’ என்று ஏன் அடம்பிடிக்கிறார்கள்? இது வெறும் ஈகோ இல்லையா?"

ஈகோ இல்லை, வயிற்றுப்பாடு. கோடிக்கணக்கில் வாங்குகிறவனுக்கு என்ன வயிற்றுப்பாடு என்று உடனே கீழே எழுத வருவீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

நீங்கள் கிரிக்கெட் பார்த்து வளர்ந்து அண்மையில் பேஸ்பால் பக்கம் வந்தவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பந்து வீசுகிறவர் பிட்சர். ஆட்டத்தைத் தொடங்குகிற பிட்சர் ஸ்டார்ட்டர். அவர் களைத்ததும் புல்பென் என்ற தயாராகும் இடத்திலிருந்து ஒவ்வொருவராக வருகிறவர்கள் ரிலீவர்கள். அணி முன்னிலையில் இருக்கும்போது கடைசி இன்னிங்ஸான 9ஆவதை முடித்துத் தருபவர் குளோசர். சிறிய முன்னிலையை அப்படிக் காப்பாற்றினால் அவர் கணக்கில் ஒரு ‘சேவ்’ ஏறும். 1969இலிருந்து இது அதிகாரப்பூர்வக் கணக்கு. 8ஆவது இன்னிங்ஸில் மூன்று பேஸிலும் எதிரணி ஓட்டக்காரர்கள் நிற்கிற ஆபத்தான நேரத்தில் உள்ளே வந்து, அங்கேயே ஆட்டத்தைக் காப்பாற்றிக் கொடுத்து, 9ஆவதை இன்னொருவரிடம் விட்டுப் போகிறவருக்குச் சேவ் கிடையாது. வினை முழுக்க இங்கேதான் தொடங்குகிறது.

ஃபிரான்சிஸ்கோ ரோட்ரிகஸ் 2008இல் ஏஞ்சல்ஸ் அணிக்காக 62 சேவ் எடுத்தார். ஒரே பருவத்தில் அத்தனை சேவ் வேறு யாரும் எடுத்ததில்லை. அந்தக் குளிர்காலம் ஃப்ரீ ஏஜென்ட் ஆனார், அதாவது எந்த அணியோடும் ஒப்பந்தம் பேசலாம் என்ற நிலைக்கு வந்தார். நியூயார்க் மெட்ஸ் அணி 3 ஆண்டுக்கு 3.7 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. அந்த ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: 2011இல் அவர் 55 ஆட்டங்களை முடித்துவைத்தால் 2012க்கான 1.75 கோடி டாலர் தானாக உறுதியாகும். முடித்துவைப்பது என்றால் தன் அணிக்குக் கடைசியாக வீசியவராக இருப்பது, அவ்வளவே. வெற்றி தோல்வி பார்ப்பதில்லை. 2011 ஜூலையில் பாதி தூரத்துக்கு மேல் வந்துவிட்டார். பருவத்தின் நடுவே நட்சத்திர வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டம் முடிந்த கையோடு மெட்ஸ் அவரை மில்வாக்கி ப்ரூயர்ஸுக்கு அனுப்பிவிட்டது. அங்கே ஜான் ஆக்ஸ்ஃபர்ட் ஏற்கெனவே குளோசர். ரோட்ரிகஸ் 8ஆவது இன்னிங்ஸுக்குப் போனார். பிறகு பேசி அந்த நிபந்தனையையே எடுத்துவிட்டார்கள். அதே கை, அதே பந்து, அதே ஒரு இன்னிங்ஸ். ஆனால் 1.75 கோடி டாலருக்கான வழி அடைபட்டுப்போனது. (மைதானத்துக்கு வெளியே அவர் நடந்துகொண்டதற்கெல்லாம் நான் வக்காலத்து வாங்கவில்லை. பேச்சு ஒப்பந்தத்தைப் பற்றியது.)

ஏன் இப்படி ஒரு சுற்றுவழி நிபந்தனை என்று கேட்பீர்கள். சேவ் எண்ணிக்கைக்கோ ரன் சராசரிக்கோ போனஸ் எழுத, அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் அமைப்பான மேஜர் லீக்கின் விதி இடம் தருவதில்லை. எத்தனை ஆட்டத்தில் இறங்கினார், எத்தனை இன்னிங்ஸ் வீசினார், எத்தனை ஆட்டத்தை முடித்தார் என்பதற்கு எழுதலாம், விருதுகளுக்கும் எழுதலாம். "இவர்தான் எங்கள் குளோசர்" என்று யாரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவதில்லை. அது வாய்வார்த்தை. அந்த வாய்வார்த்தையை நம்பித்தான் ஒருவர் ஊர் மாறிப் போகிறார். 2015இல் ஜோனதன் பாப்பல்பான் என்ற குளோசர் தன்னை இன்னொரு அணிக்கு அனுப்புவதைத் தடுக்கும் உரிமை வைத்திருந்தார். குளோசர் இடம் உண்டு என்று தெரிந்த பிறகுதான் வாஷிங்டனுக்குச் சம்மதித்தார். அதுவரை அங்கே நன்றாகவே ஆட்டங்களை முடித்துக்கொண்டிருந்த ட்ரூ ஸ்டோரன் ஒரே நாளில் 8ஆவதுக்கு இறக்கப்பட்டார். ஸ்டோரன் என்ன தப்பு செய்தார்?

இதெல்லாம் ஃப்ரீ ஏஜென்ட் ஆன பிறகு. அந்த நிலைக்கு வரவே மேஜர் லீக்கில் 6 ஆண்டு சேவை வேண்டும். அதற்கு முன் உள்ள கடைசிச் சில ஆண்டுகளில் சம்பளத் தகராறு வந்தால் ஆர்பிட்ரேஷன், அதாவது நடுவர்களின் தீர்ப்பு. டெலின் பெட்டான்சிஸ் நியூயார்க்கின் இன்னொரு அணியான யாங்கீஸுக்கு 2014இலிருந்து 7ஆவது, 8ஆவது இன்னிங்ஸ்களில் வந்து ஆண்டுக்கு 100 ஸ்ட்ரைக் அவுட்டுக்கு (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது) மேல் எடுத்தவர். தொடர்ந்து மூன்று முறை ஆல்-ஸ்டார். 2017இல் 50 லட்சம் டாலர் கேட்டார். அணி 30 லட்சம் என்றது. அணி ஜெயித்தது. ஜெயித்த பிறகும் விடாமல், குளோசர் இல்லாதவர் குளோசர் சம்பளம் கேட்கிறார் என்ற பொருளில் அணியின் தலைவரே செய்தியாளர்களிடம் பேசினார். அவரைக் குளோசர் ஆக்காதது யார்? அணிதானே! 2019இல் தோள் காயத்திலிருந்து திரும்பி வந்து, இரண்டே பேட்டர்களுக்கு வீசி, இரண்டு பேரையும் ஸ்ட்ரைக் அவுட் செய்து, பந்து வீசும் மேட்டிலிருந்து இறங்கும்போது அவருக்குக் குதிகால் தசைநாண் கிழிந்தது. அந்தக் குளிர்காலம்தான் அவர் முதன்முதலாகச் சந்தைக்கு வந்தார். பல ஆண்டு, பல கோடி ஒப்பந்தம் அவருக்குக் கடைசிவரை வரவேயில்லை.

குளோசர் ஜாஷ் ஹேடரைச் சுயநலக்காரர் என்று எழுதுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். 2020இல் அவரும் 64 லட்சம் கேட்டுத் தோற்று 41 லட்சத்துக்கு ஆடினார். அதன் பிறகு ஒரு இன்னிங்ஸுக்கு மேல் வீசமாட்டேன் என்று கையைப் பாதுகாத்தார். 2024 ஜனவரியில் ஹூஸ்டன் 5 ஆண்டுக்கு 9.5 கோடி உறுதி கொடுத்தது. அந்தப் பருவமே கேட்டபோதெல்லாம் ஒரு இன்னிங்ஸைத் தாண்டி வீசினார். உறுதி கிடைத்தால் மனிதன் உழைக்கிறான்.

நான் இவ்வளவு சூடாக எழுதுவதற்கு என் வீட்டில் நடந்த ஒன்று காரணம். நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகன் சின்ன வயதிலிருந்தே பிட்சர். உயர்நிலைப் பள்ளி வயதில் கோடைக்காலக் கிளப் அணிகளில் ஆடினான். (அமெரிக்காவில் இது தனி வியாபாரம். கட்டணம், சீருடை, வெளியூர் ஓட்டல், கல்லூரிப் பயிற்சியாளர்கள் முன் வீசிக்காட்டும் முகாம் என்று நடுத்தரக் குடும்பத்தை உறிஞ்சி எடுத்துவிடும். காசில்லாத வீட்டுப் பிள்ளை எவ்வளவு வேகமாக வீசினாலும் யார் கண்ணிலும் படமாட்டான். இதைப் பற்றி ஒருவரும் கேள்வி கேட்பதில்லை!) அவன் ஆடிய கிளப்பில் அவனை ஸ்டார்ட்டராக வைக்கவில்லை. யாராவது சிக்கலில் மாட்டினால் இவனை இறக்குவார்கள். பதற்றப்படமாட்டான் என்பதே அவனுக்கு எதிராகப் போயிற்று.

அவனைப் பார்த்துத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. ரிலீவரின் கை தேய்வது மைதானத்தில் மட்டும் இல்லை. 4ஆவது இன்னிங்ஸில் "தயாராகு" என்பார்கள். ஓரத்தில் நின்று இருபது, முப்பது பந்து வேகமாக வீசுவான். சிக்கல் தீர்ந்துவிடும், உட்காரச் சொல்வார்கள். 6ஆவதில் மறுபடியும் எழுப்புவார்கள். சில நாள் இறங்காமலேயே வீட்டுக்கு வந்து தோளில் ஐஸ் வைத்துக்கொண்டு சாப்பிடுவான். மீட்டர் போடாத ஆட்டோ மாதிரி. ஓடிய தூரம் எந்தக் கணக்கிலும் வராது. மேஜர் லீக்கிலும் அந்தப் பந்துகளை ஆட்டக் குறிப்பு காட்டாது. குளோசருக்கு 9ஆவதுதான் தன் வேளை என்று தெரியும். அதற்கேற்ப உடம்பைத் தயார் செய்வார். நடு இன்னிங்ஸ் ரிலீவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ‘குளோசர்’ என்ற பெயரில் அவர்கள் கேட்பதில் பாதி இந்த நேர ஒழுங்குதான் என்பது என் கருத்து.

அடுத்த ஆண்டுக்கு அதே கிளப் கட்டணத்தில் பாதியைத் தள்ளுபடி செய்வதாகச் சொன்னது. பக்கத்து ஊரில் பெயர் தெரியாத சின்ன கிளப் ஒன்று முழுக் கட்டணம் கேட்டது. ஆனால் வாரம் ஒரு ஆட்டம் அவன்தான் தொடங்குவான் என்றது. நான் பெரிய கிளப்பின் மேலாளரிடம் நேராகக் கேட்டேன்: "இவனை எப்போது, எத்தனை இன்னிங்ஸ் பயன்படுத்துவீர்கள்? மின்னஞ்சலில் இரண்டு வரி எழுதித் தர முடியுமா?" அவர் சிரித்துக்கொண்டே, "வாய்ப்பு வரும்போது வரும்" என்றார். வீட்டில் என் மனைவிக்குத் தள்ளுபடியை விட மனமில்லை. நியாயம்தான், மளிகைக் கணக்கு அவள் கையில்தான் இருந்தது. மகன்தான் பேசினான்: "அப்பா, கல்லூரிக்காரர்கள் ஸ்டார்ட்டர்களைத்தான் பார்க்க வருவார்கள். அங்கே நான் வீசுகிற நாள் எனக்கே தெரியாது, அவர்களை எந்த நாள் வரச் சொல்வது?" பதினாறு வயதுப் பையன் சொன்னதற்கு எங்களிடம் பதில் இல்லை. முழுக் கட்டணமும் கட்டினோம். அந்தக் கோடையில் அவன் தொடங்கிய ஆட்டம் ஒன்றைப் பார்த்துத்தான் ஒரு டிவிஷன் 3 கல்லூரி கூப்பிட்டது. டிவிஷன் 3இல் விளையாட்டு உதவித்தொகை கிடையாது, படிப்புக்கான உதவிதான். அதுவே எங்களுக்குப் பெரிது.

என் பிள்ளை கதையையும் கோடீஸ்வரர் கதையையும் ஒன்றாக்குகிறேன் என்பீர்கள். தொகை ஒன்றில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போடுகிற கணக்கு ஒன்றுதான். செத் லூகோவை எடுத்துக்கொள்ளுங்கள். மெட்ஸில் பல ஆண்டு நல்ல ரிலீவர். 2022 குளிர்காலத்தில், 33 வயதில், ஸ்டார்ட்டர் இடம் வேண்டும் என்று நின்று, சான் டியாகோவில் 2 ஆண்டுக்கு 1.5 கோடிக்குச் சேர்ந்தார். ஓர் ஆண்டில் விலகிக்கொள்ளும் உரிமையோடு. அந்த உரிமையைப் பயன்படுத்தி கன்சாஸ் சிட்டியில் 3 ஆண்டுக்கு 4.5 கோடி வாங்கினார். 2024இல் சிறந்த பிட்சருக்கான அமெரிக்கன் லீக் சை யங் விருதில் இரண்டாம் இடம். அவர் அன்று நிற்காமல் இருந்திருந்தால் இன்னும் 7ஆவது இன்னிங்ஸில் எழுந்து எழுந்து உட்கார்ந்துகொண்டிருப்பார்.

எல்லோரும் குளோசர் இடமே கேட்கிறார்கள் என்றும் நான் சொல்லவில்லை. சாக் பிரிட்டன் பால்டிமோரில் முன்னணிக் குளோசராக இருந்தவர். 2019இல் யாங்கீஸில் அதன் குளோசர் சாப்மனுக்கு முன்னால் வீச ஒப்புக்கொண்டு 3 ஆண்டுக்கு 3.9 கோடி வாங்கினார். ஆண்ட்ரூ மில்லர் 2014 டிசம்பரில் 4 ஆண்டுக்கு 3.6 கோடியை உறுதி செய்துகொண்டார். 2016 பிளே-ஆஃபில் கிளீவ்லாந்து அவரை 5ஆவதிலும் 6ஆவதிலும் இறக்கியது. முகம் சுளிக்காமல் வீசி லீக் இறுதித் தொடரின் சிறந்த வீரர் ஆனார். இரண்டு பேருக்கும் பல ஆண்டுப் பணம் முன்கூட்டியே உறுதி. பணம் உறுதியானால் இடத்தை விட்டுக்கொடுக்கலாம். அது இல்லாதவரிடம் போய் "அணிக்காகத் தியாகம் செய்" என்றால் எப்படி?

மெட்ஸின் குளோசராக இருந்த எட்வின் டியாஸ் அந்த அணிக்குத் துரோகம் செய்தார் என்று இங்கே வேறொரு பதிலில் படித்தேன். 2022 நவம்பரில் 5 ஆண்டுக்கு 10.2 கோடி, 10 கோடியைத் தாண்டிய முதல் ரிலீவர் அவர்தான். 2023 மார்ச்சில் தன் ஊரான போர்ட்டோ ரிக்கோவுக்காக ஆடி, வெற்றியைக் கொண்டாடும்போது முழங்கால் தசைநாண் கிழிந்து அந்தப் பருவம் முழுக்க உட்கார்ந்தார். ஓர் ஆண்டு ஒப்பந்தமாக இருந்திருந்தால் அன்றைக்கு அவர் கதி என்ன? 2025 முடிவில் விலகும் உரிமையைப் பயன்படுத்தினார். மெட்ஸ் முதலில் டெவின் வில்லியம்ஸ் என்ற இன்னொரு ரிலீவரை 3 ஆண்டுக்கு 5.1 கோடிக்கு எடுத்தது. சில நாளில் டியாஸ் 3 ஆண்டுக்கு 6.9 கோடிக்கு டாட்ஜர்ஸ் போனார். மெட்ஸ் ரசிகனான எனக்கு அது வலித்தது, இப்போதும் வலிக்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் இருந்த உரிமையைத்தான் அவர் பயன்படுத்தினார். அந்த உரிமையை எழுதிக் கொடுத்தது மெட்ஸ்தான்.