பைசாந்திய இளவரசர் தரும் பட்டத்துக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: பைசாந்தியப் பேரரசை ஆண்ட பலையோலோகோஸ் வம்சத்தில் வந்தவர் என்று சொல்லும் இத்தாலிய 'இளவரசர்' ஒருவர், 2,000 யூரோ நன்கொடை கொடுத்தால் எனக்கு நைட் பட்டம் தருவதாக எழுதியிருக்கிறார். கடைசிப் பேரரசரில் தொடங்கும் வம்சாவளியையும் ஒரு நீதிமன்றத் தீர்ப்பின் நகலையும் அனுப்பினார். நம்பலாமா?

பதில்: கட்டாதீர்கள்.

நீங்கள் அனுப்பிய வம்சாவளியின் முதல் வரியே உதைக்கிறது. கடைசிப் பேரரசர் பதினோராம் கான்ஸ்டன்டைன், 1453 மே 29 அன்று பைசாந்தியத் தலைநகர் கான்ஸ்டாண்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) துருக்கியரிடம் விழுந்தபோது மாண்டவர். இரண்டு முறை மணம் முடித்தும் பிள்ளை இல்லை. அவருக்குக் கீழே கோடு இழுத்து 'மகன்' என்று எழுதியிருந்தால் மீதியைப் படிக்கவே வேண்டாம்.

பட்டம் விற்கும் தரகர் கொஞ்சம் விவரமானவராக இருந்தால் பேரரசரின் தம்பி தாமஸில் தொடங்குவார். தாமஸ் 1460இல் துருக்கியரிடம் தென் கிரேக்கத்தின் மொரேயாவை இழந்து ரோமுக்கு ஓடியவர். அவருடைய மூத்த மகன் ஆந்திரேயாஸ் போப் கொடுத்த உதவித்தொகையில் காலம் தள்ளி, கையில் காசில்லாமல் 1494இல் தன் பேரரசர் உரிமையை பிரான்ஸ் மன்னர் எட்டாம் சார்ல்ஸுக்கு விட்டுக்கொடுத்தார். அப்புறம் 1502இல் அதையே ஸ்பெயினின் ஃபெர்டினாண்ட், இசபெல்லா பேரில் உயில் எழுதினார்! ஒரே மனையை ஒருவருக்குக் கிரயம், இன்னொருவருக்கு உயில். ஆக, இந்த வியாபாரம் 500 வருடப் பழசு.

தரகர்கள் சொல்லாத விஷயம் ஒன்று. பைசாந்தியத்தில் 'டெஸ்போட்' போன்ற பட்டங்களைப் பேரரசர்தான் ஆள் பார்த்துக் கொடுப்பார். அப்பா டெஸ்போட் என்பதால் மகன் டெஸ்போட் ஆகிவிட மாட்டார். குடும்பப் பெயரும் சாட்சி ஆகாது, அம்மா வழிப் பெயரையும் அங்கே சூடிக்கொள்வார்கள்.

"இத்தாலியில் பலையோலோகோஸ்கள் ஆண்டார்களே?" என்று அவர் மடக்குவார். ஆண்டார்கள், மறுக்கவில்லை. பேரரசர் இரண்டாம் ஆண்ட்ரோனிக்கோஸின் மகன் தியோடோர், தாய்மாமன் வாரிசில்லாமல் இறந்ததால் 1306இல் வடமேற்கு இத்தாலியின் மோன்ஃபெர்ராத்துக்குப் போய்ப் பிரபு ஆனார். ஜெனோவாக்காரப் பெண்ணை மணந்தார், தாடியை மழித்தார். ஊர் திரும்பியபோது கிரேக்கர்கள் முகம் சுளித்தார்கள். அது அசல் வம்சம்தான். ஆனால் ஆண் வாரிசு 1533இல் நின்றுபோய், 1536இல் சொத்து மாந்துவாவின் கோன்சாகா குடும்பத்துக்குப் போனது. இவர் அந்தக் கிளை என்றால், 1533க்குப் பிறகு எந்தப் பிள்ளை வழியாக என்று கேளுங்கள்.

சரி, அந்தத் தீர்ப்பு? இத்தாலிய நீதிமன்றங்களின் தாராளத்தைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. நகைச்சுவை நடிகர் தோத்தோவுக்கே 1940களில் நேப்பிள்ஸ் நீதிமன்றம் பைசாந்தியப் பட்டங்களை உறுதி செய்தது. எதிர்த்து வாதாட பைசாந்தியத்திலிருந்து யார் வருவார்? 1948 அரசியல் சட்டப்படி இத்தாலி பிரபுப் பட்டங்களையே அங்கீகரிப்பதில்லை. முத்திரையைப் பார்த்து மயங்காதீர்கள்.

ஒரே ஒரு கடிதம் எழுதுங்கள்: 1500க்கும் 1600க்கும் இடையில் உள்ள தலைமுறைகளுக்கு அந்தக் காலத்து மூல ஆவணத்தின் படம் வேண்டும், எந்த ஆவணக் காப்பகம், என்ன எண் என்று. "பணம் வந்ததும் தருகிறோம்" என்று பதில் வந்தால் தொடர்பை வெட்டிவிடுங்கள். முன்பணமோ பாஸ்போர்ட் நகலோ ஏற்கெனவே போயிருந்தால் கடிதம் அப்புறம், முதலில் வங்கிக்குப் போன் செய்யுங்கள்.