கீழே அசிட்டிக் ஆசிட் கேன்கள், மேலே குடும்பம்: வீட்டு உரிமையாளரின் பொறுப்பு எதுவரை?

கேள்வி: மாதவரத்தில் எங்களுக்கு மாடி வீடு. மேலே நாங்கள் குடியிருக்கிறோம். கீழ்த்தளத்தை ஒரு வியாபாரிக்கு 11 மாத ஒப்பந்தத்தில் விட்டோம். ஒப்பந்தத்தில் ‘வியாபார உபயோகம்’ என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. சலவை, சாயத் தொழிலுக்கான சரக்கு வைப்பதாகச் சொன்னார். இப்போது 35 லிட்டர் நீலக் கேன்களில் அசிட்டிக் ஆசிட், ஏறக்குறைய 40 கேன் அடுக்கியிருக்கிறார். அதை ஒட்டியே ப்ளீச்சிங் பவுடர் மூட்டைகள். வாடை மாடிவரை வருகிறது, மத்தியானத்தில் கண் எரிகிறது. கேட்டால் “ஊறுகாயில் ஊற்றுகிற வினிகர்தானே” என்கிறார். காலி செய்யச் சொன்னால் ஒப்பந்தம் முடியட்டும் என்கிறார். விபத்து நடந்தால் பொறுப்பு எங்கள் மேலும் வருமா? கோடவுனைப் பூட்டிவிடலாமா?

பதில்: பூட்ட வேண்டாம். இபி இணைப்பையும் துண்டிக்க வேண்டாம். காரணத்தைப் பின்னால் விளக்குகிறேன். இந்த வாரமே எழுத்து மூலம் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் பாதுகாப்பு பெரும்பாலும் அதில்தான் அடங்கியிருக்கிறது.

முதலில் அந்த வினிகர் பேச்சு. கடையில் வாங்கும் வினிகரில் அசிட்டிக் அமிலம் நூற்றுக்கு நாலைந்து பங்கு, மீதி தண்ணீர். தொழிலுக்கு வரும் கேனில் 99 சதவீதத்துக்கு மேல் அமிலம். கேனின் லேபிளைப் பாருங்கள். ‘கிளேசியல்’ என்றோ, அபாயப் பொருள்களுக்கான ஐ.நா. எண்ணாக ‘யூஎன் 2789’ என்றோ இருந்தால் அது 80 சதவீதத்தைத் தாண்டிய சரக்கு. அந்த எண்ணுக்கு உலகெங்கும் இரண்டு அபாய முத்திரைகள்: முதலாவது அரிக்கும் பொருள், கூடவே தீப்பற்றும் திரவம். லேபிளே இல்லாத கேன் என்றால் அதுவே ஒரு விதிமீறல். அபாயகர ரசாயனங்கள் தயாரிப்பு, சேமிப்பு, இறக்குமதி விதிகள் 1989-இன் 17-ஆம் விதிப்படி, உள்ளே இருப்பது என்ன, தயாரித்தவர் யார் என்ற விவரங்கள் ஒவ்வொரு கேனிலும் இருக்க வேண்டும். பாதுகாப்புத் தரவுத் தாளும் இருக்க வேண்டும். அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

அந்தத் தாளில் ‘ஃப்ளாஷ் பாயிண்ட்’ என்ற இடத்தில் நீங்கள் பார்க்க வேண்டிய எண் 39. அந்த டிகிரி செல்சியஸை எட்டினால், திரவத்தின் மேல் நிற்கும் ஆவி ஒரு சிறு பொறியிலும் பற்றிக்கொள்ளும். அக்கினி நட்சத்திர நாட்களில் சென்னையின் வெயிலே 40-ஐத் தாண்டுகிறது. ஷட்டரை இறக்கிய அறையிலும் தகரக் கூரை போட்ட பக்கவாட்டு ஷெட்டிலும் வெயிலில் வைத்த கேன் எளிதில் அந்தச் சூட்டுக்கு வந்துவிடும். காற்றில் 4 சதவீத ஆவி சேர்ந்தாலே எரியும் கலவை உருவாகிவிடுகிறது. இந்த ஆவி காற்றைப் போல் இரண்டு மடங்கு கனம். வாடை மாடிவரை வந்தாலும், ஆவி பெரும்பாலும் தரையோடு தவழ்ந்து ஷட்டர் இடுக்கு, வடிகால், தண்ணீர் மோட்டார் வைத்த மூலை என்று தேடிப் போகும். மோட்டார் சுவிட்சில் தெறிக்கும் பொறி போதும். கோடவுனுக்குள் பீடி, சாமி விளக்கு, வெல்டிங் எதுவும் கூடவே கூடாது.

கண் எரிகிறது என்றீர்கள். எட்டு மணி நேர வேலைக்குத் தொழில் சுகாதார அமைப்புகள் சொல்லும் சராசரி வரம்பு, பத்து லட்சம் பங்கு காற்றில் 10 பங்கு ஆவி. உயிருக்கும் உடலுக்கும் உடனடி ஆபத்து என்று குறிக்கப்படும் அளவு 50 பங்கு. இந்த வாடைக்கு மூக்கு சீக்கிரம் பழகிவிடும் என்பதால், வாடை குறைந்துவிட்டது என்று நினைத்து நிம்மதி அடைய வேண்டாம்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது அந்த ப்ளீச்சிங் பவுடர் மூட்டைகள். ஒரு கேனில் மூடி தளர்ந்தோ அடி விரிந்தோ அமிலம் ஒழுகி மூட்டையை நனைத்தால் குளோரின் வாயு கிளம்பும். அதற்குத் தீயே தேவையில்லை. ராத்திரியில் நடந்தால் மேலே தூங்குகிறவர்களுக்குத் தெரிவதற்குள் நேரம் போய்விடும். சாயத் தொழிலுக்கென்று ஹைட்ரஜன் பெராக்சைடு, காஸ்டிக் சோடா, நைட்ரிக் அமிலம் வைத்திருந்தாலும் அசிட்டிக் அமிலத்தின் பக்கத்தில் இருக்கக் கூடாது. மூட்டைகளை வேறு அறைக்கு மாற்றும்படி இன்றே வாடகைதாரரிடம் வாட்ஸ்அப்பில் கேளுங்கள். நோட்டீஸ் தயாராகும்வரை இதற்குக் காத்திருக்க வேண்டாம். அந்தச் செய்தியும் பின்னால் சாட்சியமாகும்.

கட்டடத்தையும் பாருங்கள். அமிலம் சிமெண்டிலுள்ள சுண்ணாம்பைக் கரைக்கும். கரைந்தது தண்ணீரில் போய்விடும், தரை பொடிந்து குழி விழும், நாளடைவில் உள்ளே கம்பிக்கும் துரு ஏறும். ஆவி படும் கிரில், ஷட்டர் துருப்பிடிக்கும். மீட்டர் பெட்டியில் செம்புக் கம்பிகளின் முனையில் பச்சை பூத்திருந்தால், அந்த இணைப்பு தளர்ந்து சூடேறும். ஆவி நிறைந்த அறையில் அதைவிட மோசமான இடம் கிடையாது. தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். உள்ளே போக, பகலில், 24 மணி நேரம் முன்பே எழுத்தில் சொல்லிவிட்டுப் போங்கள்.

இனி உங்கள் பொறுப்பு. 1985 டிசம்பரில் டெல்லியில் ஓலியம் என்ற அடர் கந்தக அமிலத்தின் வாயு கசிந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986-இல் வகுத்த கொள்கை இது: ஆபத்தான தொழிலை நடத்துகிறவர் எவ்வளவு கவனமாக இருந்திருந்தாலும், அதனால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தந்தே ஆக வேண்டும். அந்தப் பொறுப்பு தொழில் நடத்துகிறவருடையது. சுமை இறக்கும் தொழிலாளி காயப்பட்டாலும் இழப்பீடு தர வேண்டியவர் அவரை வேலைக்கு வைத்தவர்தான். கட்டடம் உங்களுடையது என்பதால் மட்டும் அந்தச் சுமை உங்கள் தலையில் விழாது. ஆனால் ஆபத்து இருப்பது தெரிந்தும் தடுக்க முயலாமல் மாதாமாதம் வாடகை வாங்கிக்கொண்டிருந்தால், அக்கம்பக்கத்தார் போடும் இழப்பீட்டு வழக்கில் உங்களையும் எதிர்வாதியாகச் சேர்ப்பார்கள். நீங்களும் அனுமதித்தீர்கள் என்று வாதிட அவர்களுக்கு இடம் கிடைத்துவிடும். குற்றவியல் பக்கம் பார்த்தால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 286, 287 நச்சுப் பொருளையும் எரியும் பொருளையும் கவனக்குறைவாக வைத்திருப்பவரைக் குறிக்கின்றன. பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பதற்குப் பிரிவு 125. இவை நேரடியாக வாடகைதாரருக்கே பொருந்தும்.

பூட்ட வேண்டாம் என்றதற்குக் காரணம் இங்கேதான். பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் 1991, ‘உரிமையாளர்’ என்று யாரைச் சொல்கிறது தெரியுமா? விபத்து நேரத்தில் அபாயகரப் பொருளைச் சொந்தமாக வைத்திருப்பவரை, அல்லது அதைக் கையாளும் கட்டுப்பாட்டை வைத்திருப்பவரை. அந்தச் சட்டம் அறிவிக்கப்பட்ட அளவைத் தாண்டிய சரக்குக்கே பொருந்தும். உங்கள் கீழ்த்தளத்தில் இருப்பதோ 1,400 லிட்டர், எடையில் கிட்டத்தட்ட ஒன்றரை டன்; அந்த அளவை எட்டாமல் இருக்கலாம். ஆனாலும் எந்த நீதிமன்றமும் முதலில் கேட்பது சாவி யாரிடம் இருந்தது என்பதைத்தான். பூட்டைப் போட்ட நிமிடமே அந்தச் சாவி உங்களிடம் வந்துவிடுகிறது; கசிவைக் கவனிக்க ஆளும் இல்லாமல் போகிறது. மின்சாரத்தைத் துண்டித்தால் எக்ஸாஸ்ட் ஃபேன் நின்று ஆவி தேங்கும். போதாக்குறைக்கு, வாடகைதாரருக்கு அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதைத் தமிழ்நாடு வாடகைச் சட்டமே தடை செய்கிறது. கூலிக்கு ஆள் வைத்துக் கேன்களைத் தெருவில் இறக்குவது இதையெல்லாம்விட ஆபத்து.

சரியான வழி, நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் தமிழ்நாடு சட்டம் 2017-இல் இருக்கிறது. ஒப்பந்தம் முடியட்டும் என்பது செல்லாது. ஒப்பந்தக் காலம் ஓடும்போதே காலி செய்யக் கேட்பதற்கான காரணங்களைப் பிரிவு 21(2) தருகிறது. இடத்தைத் தவறாகப் பயன்படுத்துவது அதில் ஒன்று. பொதுத் தொல்லை தருவதும் கட்டடத்துக்குச் சேதம் விளைவிப்பதும் அதில் அடங்கும். ஆனால் நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் கொடுத்து, அதற்குப் பிறகும் அவர் நிறுத்தவில்லை என்றால்தான் இந்தக் காரணம் நிற்கும். நோட்டீஸ் இல்லாமல் வாடகை நீதிமன்றத்துக்குப் போனால் மனு முதல் நாளே தடுமாறும்.

ஆகவே நோட்டீஸைக் கவனமாக எழுதுங்கள். ‘ஆபத்தான சரக்கு’ என்று பொத்தாம் பொதுவாக எழுதினால் வினிகர் என்ற பதிலே திரும்ப வரும். ரசாயனத்தின் பெயர், லேபிளில் உள்ள யூஎன் எண், கேன்களின் எண்ணிக்கை, ஒட்டியிருக்கும் ப்ளீச்சிங் பவுடர், நீங்கள் பார்த்த தேதி, தரையிலும் மீட்டர் பெட்டியிலும் கண்ட சேதம், மேலே குடும்பம் வசிப்பது, எல்லாம் இருக்கட்டும். சொத்துரிமை மாற்றச் சட்டம் பிரிவு 108(o) இடத்தை விவேகமுள்ளவர் பயன்படுத்தும் விதத்தில்தான் பயன்படுத்த வேண்டும் என்கிறது, அதையும் சேருங்கள். 7 நாள் கெடு போதும். ஸ்பீடு போஸ்ட்டில் ஒப்புகையோடு அனுப்பி, வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள்.

உங்கள் பக்கத்துப் பலவீனம் ஒன்று இருக்கலாம். ஒப்பந்தத்தை வாடகை ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்தீர்களா? செய்யவில்லை என்றால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான். உடனே அதைச் சரிசெய்யும் வழியை உங்கள் வக்கீலிடம் கேளுங்கள்.

நீதிமன்றம் நேரம் எடுக்கும். இணையாகவே நோட்டீஸ் நகலோடு தீயணைப்பு நிலையத்துக்கும் மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கும் புகார் கொடுங்கள். தொழில் உரிமம் எந்தச் சரக்குக்கு வாங்கப்பட்டது என்பது மாநகராட்சிக் கோப்பில் இருக்கும். உங்கள் சர்வே எண் குடியிருப்பு மண்டலத்தில் வருகிறதா என்று சிஎம்டிஏ-வில் (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) பார்க்கலாம். வருவாய்க் கோட்டாட்சியரிடம் கொடுக்கும் மனு இன்னும் வலுவானது. மக்களின் உடல்நலத்துக்குக் கேடான சரக்கை அகற்ற, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 152-இன் கீழ், நிர்வாக நடுவர் என்ற முறையில் அவர் நிபந்தனை உத்தரவு போட முடியும். அமில விற்பனை குறித்த லக்ஷ்மி வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம், விற்பவர் பதிவேடு வைக்க வேண்டும், இருப்பைக் கோட்டாட்சியர் நிலை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அதை ஒட்டி மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரி விதிகளில் 25 சதவீதத்துக்கு மேற்பட்ட அசிட்டிக் அமிலமும் இருக்கிறது. இருப்பு தெரிவிக்கப்பட்டதா என்று மனுவிலேயே கேளுங்கள்.

வீட்டுக்குத் தீக் காப்பீடு இருந்தால் பாலிசியை எடுத்துப் பாருங்கள். கட்டடத்தின் உபயோகம் மாறி ஆபத்து கூடினால் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். தெரிவிக்காமல் விட்டால், எரிந்த பிறகு கோரிக்கையை நிராகரிக்கக்கூடும்.

இதற்கிடையில் கசிந்துவிட்டால்: மின் சுவிட்ச் எதையும் தொடாமல் எல்லோரும் வெளியேறி, காற்று வீசும் திசைக்கு எதிரே நகருங்கள். 101-ஐ அழைத்து ரசாயனத்தின் பெயரையும் ப்ளீச்சிங் பவுடர் இருப்பதையும் சொல்லுங்கள். சாதாரண நுரை இந்த அமிலத்தில் உடைந்துவிடும். ஆல்கஹால் தாங்கும் நுரை, உலர் பவுடர் அல்லது நிறையத் தண்ணீர்த் தூவல் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். சிந்தியதன் மேல் மரத்தூள் போடக் கூடாது, அதுவே எரியும். காய்ந்த மணல் போடலாம். சமன்படுத்த ஒரு கிலோ அமிலத்துக்கு சுமார் 900 கிராம் சோடா ஆஷ் (சலவைச் சோடா) தேவை. ஒரே கேனுக்கு 33 கிலோ என்றால், வீட்டுச் சமையல் சோடாவை வைத்துச் சமாளிக்கலாம் என்று யாரும் இறங்க வேண்டாம். உடம்பில் பட்டால் துணியைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும், கண்ணுக்கும் அதே. தோல் மேல் சோடா தேய்க்கக் கூடாது. கொப்புளம் சில மணி நேரம் கழித்தும் எழும் என்பதால், வலி குறைந்துவிட்டாலும் 108-இல் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைத் தீக்காயப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அவர் காலி செய்ய ஒத்துக்கொண்டாலும் அட்வான்ஸை உடனே திருப்பித் தர வேண்டாம். கேன்கள் நிமிர்த்தி வைத்து, மூட்டைகளோடு சேர்க்காமல் தனி வண்டியில் போக வேண்டும். கழுவிய தண்ணீர் தெருச் சாக்கடையில் விடப்படக் கூடாது. ஒரு சிவில் இன்ஜினியரிடம் தரைக்கும், எலக்ட்ரீஷியனிடம் வயரிங்குக்கும் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைக் கணக்கோடு கொடுங்கள். அடுத்த ஒப்பந்தத்தில் ‘வியாபார உபயோகம்’ என்று விடாமல், என்ன சரக்கு, எவ்வளவு, எந்த ரசாயனமும் வைக்கலாமா கூடாதா என்பதைப் பெயர் சொல்லி எழுதிப் பதிவு செய்யுங்கள்.