மூன்று நாள், பதினான்கு இடம், ஒரு முழங்கால்

கேள்வி: வணக்கம் ஐயா. பள்ளி விடுமுறையில் அப்பா, அம்மா, கணவர், 11 வயது மகன், நான் என ஐந்து பேர் வெள்ளி முதல் ஞாயிறு வரை கோலாலம்பூர் வருகிறோம். அப்பாவுக்கு 72 வயது. "அலையாமல் பார்க்கணும்" என்பது அவருடைய ஒரே நிபந்தனை. கணவர் 14 இடங்களுக்குப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார், கெந்திங் மலை உல்லாசத் தலம் உட்பட. அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆனாலும் பத்துமலை ஏறாமல் திரும்ப மாட்டேன் என்கிறார். மகனுக்கு இரட்டைக் கோபுரத்தின் உச்சிக்குப் போக வேண்டும். எங்கே தங்கலாம்? எதை விடலாம்?
– வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: கணவரிடமிருந்து பட்டியலை வாங்கி, முதலில் கெந்திங்கை அடித்துவிடுங்கள் அம்மா. மலைக்குப் போய்த் திரும்பினாலே ஒரு நாள் கரைந்துவிடும். அதை இன்னொரு விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

சுற்றுலாப் பேருந்தில் வழிகாட்டியாக இருந்த காலத்தில் பெரியவர்களைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். கோயிலிலோ பூங்காவிலோ அவர்கள் களைக்க மாட்டார்கள். ஏறு, இறங்கு, வரிசையில் நில், கழிப்பறை தேடு என்று நடுவில் நடக்கும் கூத்தில்தான் களைப்பார்கள். அதனால் ஒரு வேளைக்கு ஒரு பெரிய இடம் போதும். அதுவும் காலையில் அல்லது மாலையில். நடுப்பகலுக்கு அறையும் மின்விசிறியும். எப்படியும் இங்கே மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கொட்டும், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் இடியோடு.

தங்குவதற்கு, இந்தியக் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸைத்தான் சொல்வேன். நான் அங்கேயே குடியிருப்பதால் பாரபட்சம் என்று நினைத்தாலும் சரி. கேஎல் சென்ட்ரல் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து வரும் ஈடிஎஸ் விரைவு ரயில், பத்துமலைக்குப் போகும் கம்யூட்டர் புறநகர் ரயில், இரட்டைக் கோபுரத்துக்குப் போகும் எல்ஆர்டி நகர ரயில் மூன்றும் அங்கேதான். காலையில் அப்பா எழுந்து வேட்டியோடு தெருவில் இறங்கினால் இடியப்பமும் தோசையும் பசியாறக் கிடைக்கும். புக்கிட் பிந்தாங்கில் பளபளப்பான தங்குவிடுதிகள் உண்டுதான். ஆனால் இரவு முழுக்கச் சத்தம். பெரியவர்களுக்கு ஆகாது. அறை எடுக்கும்போது மின்தூக்கி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். பழைய கடைவீட்டு விடுதிகள் சிலவற்றில் படிக்கட்டு மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை காலை ரயிலைப் பிடியுங்கள். ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். பள்ளி விடுமுறையில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், எனவே முன்கூட்டியே வாங்குங்கள். பெரியவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு, அடையாள அட்டை கையில் இருக்கட்டும். புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் ரயில் புக்கிட் மேரா ஏரியின் குறுக்கே ஓடும். அப்போது பேரனின் கைப்பேசியைப் பிடுங்கி ஜன்னலைக் காட்டச் சொல்லுங்கள் தாத்தாவிடம். தைப்பிங் தாண்டியதும் பெராப்பிட் சுரங்கம் வரும், மூன்று கிலோமீட்டருக்கும் மேல் நீளம். பையனுக்கு அது போதும்.

வந்து சேர்ந்ததும் எங்கேயும் ஓட வேண்டாம். வெள்ளிக்கிழமை சைவச் சாப்பாட்டுக் கடைகளில் மதியம் கூட்டம் அலைமோதும். கொஞ்சம் தாமதமாகப் போனால் உட்கார இடம் கிடைக்கும். சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். மாலையில் துன் சம்பந்தன் சாலையில் பூக்கடை, பலகாரக் கடை என்று மெதுவாக ஒரு நடை. அன்றைக்கு அவ்வளவுதான்.

இனி பத்துமலை. சனிக்கிழமை காலை வெயில் ஏறுவதற்கு முன் கிளம்புங்கள். கம்யூட்டரில் அரை மணி நேரம் போல ஆகும், நிலையம் மலையடிவாரத்திலேயே இருக்கிறது. ரயில் அடிக்கடி வராது, முந்தின நாளே நேரத்தைப் பார்த்து வையுங்கள். மொத்தம் 272 படிகள். தண்ணீர்மலை முருகன் கோயிலில் 513 படிகளைப் பார்த்துப் பழகிய பினாங்குக்காரர்களுக்கு இது பாதிதான் என்று தோன்றும். ஆனால் இந்தப் படிகள் செங்குத்தானவை, குறுகலானவை. மேலே போய்ச் சேர்ந்ததும் முடிந்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம், குகைக்குள் பின்பக்கம் இன்னும் கொஞ்சம் படிகள் உண்டு. முழங்கால் வலிக்காரருக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் சோதனை.

அம்மாவை வேண்டாம் என்று தடுக்காதீர்கள். தடுத்தால் கட்டாயம் ஏறுவார். கீழே 42.7 மீட்டர் உயர முருகன் சிலைக்கு முன்னால் கும்பிட்டுவிட்டு, அவரையே முடிவு செய்யச் சொல்லுங்கள். ஏறினால் கைப்பிடி ஓரமாக, மகன் ஒரு படி கீழே நிற்க, நின்று நின்று போகட்டும். ஏறாவிட்டால் தரைமட்டத்திலேயே கோயில்கள் இருக்கின்றன. அங்கே அர்ச்சனை செய்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். தைப்பூசக் காவடிகள் 1890களிலிருந்து வரும் மலை இது, அடிவாரத்தில் நிற்பவரையும் முருகன் பார்ப்பான். ஒரு விஷயம்: தேங்காய், வாழைப்பழம் உள்ள பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள். குரங்குகள் அர்ச்சகரைவிட வேகமாக வாங்கிக்கொள்ளும்.

பதினொரு மணிக்குள் திரும்பி, சாப்பாடு, தூக்கம். மாலை ஐந்தரைக்கு எல்ஆர்டி ஏறுங்கள். ஐந்தாவது நிறுத்தமான கேஎல்சிசியில்தான் இரட்டைக் கோபுரம். மகனும் கணவரும் மட்டும் மேலே போகட்டும். 41ஆம் மாடியில் ஆகாயப் பாலம், 86ஆம் மாடியில் பார்வைத் தளம். டிக்கெட்டில் நேரம் குறித்திருக்கும், இணையத்தில் முன்பே வாங்க வேண்டும். திங்கட்கிழமை மூடியிருப்பார்கள், உங்களுக்குக் கவலையில்லை. என்னைக் கேட்டால் 452 மீட்டர் கோபுரத்தை உள்ளே போய்ப் பார்ப்பதைவிட வெளியே நின்று பார்ப்பதுதான் அழகு. உள்ளே போனால் கோபுரம் தெரியாதே! அப்பா, அம்மாவோடு நீங்கள் பின்பக்கப் பூங்காவில் ஏரிக்கரையில் உட்காருங்கள். இருட்டியதும் நீரூற்றுக்கு வண்ண விளக்கு போடுவார்கள். பிரேசிலின் ராபர்ட்டோ புர்லே மார்க்ஸ் வடிவமைத்த பூங்கா. நிழலும் நிறைய, கழிப்பறைக்குப் பேரங்காடி பக்கத்திலேயே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்ஆர்டியில் ஒரே நிறுத்தம், பாசார் செனி. அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஜாலான் துன் எச்.எஸ்.லீயில் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில். 1873இல் தோன்றியது. தைப்பூச வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படுவது இங்கிருந்துதான். தரிசனம் முடித்து சென்ட்ரல் மார்க்கெட்டில் நுழையுங்கள். ஒரு காலத்தில் மீனும் காய்கறியும் விற்ற சந்தை, இப்போது கைவினைக் கடைகள். குளிர்சாதனம் இருக்கிறது, அப்பா உட்கார்ந்து காப்பி குடிக்கலாம். பழைய ரயில் நிலையம் எல்ஆர்டி நிலையத்துக்குப் பக்கத்தில்தான், ஆற்றுக்கு அந்தப் பக்கம். 1910இல் ஹப்பேக் என்ற கட்டடக் கலைஞர் கட்டியது. அப்பாவுக்கு அந்தக் கால வேலைப்பாடு பிடிக்குமானால் ஒரு பார்வை பார்த்துவிட்டு மாலை ரயிலுக்குத் திரும்பலாம்.

பறவைப் பூங்கா, தேசிய அருங்காட்சியகம், மெர்டேக்கா சதுக்கம் எல்லாம் பட்டியலில் மீதம் இருக்கும். மழை பிடித்துக்கொண்டால் அருங்காட்சியகம் உதவும். எம்ஆர்டி என்ற இன்னொரு நகர ரயிலின் நிலையம் வழியாக கேஎல் சென்ட்ரலிலிருந்து நடைபாதை இருக்கிறது. மற்றவை அடுத்த விடுமுறைக்கு. கணவர் முகத்தைத் தூக்கினால் அவரை மட்டும் விடியற்காலையில் மெர்டேக்கா சதுக்கத்துக்கு ஓட்டப் பயிற்சிக்கு அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: சொந்தக் காடியில் வந்தால் வசதியாக இருக்குமா?
– வாசகர், நிபோங் திபால்

பதில்: வழியெல்லாம் வசதிதான், வந்து சேர்ந்த பிறகு தொல்லை. நெடுஞ்சாலை நன்றாக இருக்கும். நகருக்குள் நுழைந்ததும் நெரிசல், ஒருவழிப் பாதை, நிறுத்துமிடக் கட்டணம். தங்குமிடத்தில் காடியை நிறுத்த இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் மூன்று நாளும் அது அங்கேயே நிற்கட்டும். உள்ளே சுற்ற எல்ஆர்டி, அவசரத்துக்குக் கிராப் வாடகைக் கார்.

கேள்வி: மகளின் திருமணத்துக்குப் பட்டுச் சேலை எடுக்க ஒரே நாளில் வந்து போகிறோம். பிரிக்பீல்ட்ஸா, மஸ்ஜித் இந்தியாவா?
– வாசகி, ஈப்போ

பதில்: மஸ்ஜித் இந்தியா. கடைகள் அடுத்தடுத்து இருப்பதால் ஒரு கடையில் கேட்ட விலையை அடுத்த கடையில் சரிபார்க்கலாம். மஸ்ஜித் ஜாமேக் எல்ஆர்டி நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். வெள்ளிக்கிழமை வேண்டாம், நண்பகல் தொழுகை நேரத்தில் அந்தப் பக்கமே நெரிசல். முடிவெடுப்பவர் ஒருவரை மட்டும் அழைத்து வாருங்கள். நாத்தனார், ஓரகத்தி என்று ஐந்து பேர் வந்தால் சேலை எடுக்கும் முன் ரயில் போய்விடும்.

கேள்வி: மதுரையிலிருந்து என் தம்பி ஆஸ்திரேலியா போகும் வழியில் கோலாலம்பூரில் எட்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். நகரைப் பார்க்க முடியுமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: எட்டு மணி நேரத்தில் ஓரிடம் பார்க்கலாம். மலேசியாவுக்குள் நுழைவதற்கான மின்னியல் வருகை அட்டையை, வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பிவிட்டு வரச் சொல்லுங்கள். விமான நிலையத்தின் முதல் முனையத்திலிருந்து விரைவு ரயில் நடுவில் நிற்காமல் 28 நிமிடத்தில் கேஎல் சென்ட்ரல் வந்துவிடும். ஆனால் குடிநுழைவு வரிசைக்கு இரண்டு முறை நேரம் ஒதுக்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாடு, கேஎல்சிசியில் ஒரு படம், உடனே திரும்பிவிட வேண்டும். ஆறு மணி நேரத்துக்குக் குறைந்தால் விமான நிலையத்திலேயே ஒரு தே தாரேக் குடித்துவிட்டுத் தூங்கச் சொல்லுங்கள்.