தடிமனும் ஸ்கேலும்: விமான மாடல் கேள்வி பதில்

கேள்வி: கிட் (பாகங்களா வர்ற, நாமளே ஒட்டி செய்ற மாடல்) டப்பா மேல 1/72, 1/48, 1/32ன்னு போட்டிருக்கே, முதல் தடவை செய்றவங்க எதை வாங்கலாம்?

பதில்: நிஜ விமானத்தோட அளவை கீழ இருக்கிற நம்பரால வகுத்தா மாடல் அளவு வந்துடும், அவ்ளோதான். ஸ்பிட்ஃபயர் இறக்கை முனைக்கு முனை சுமார் 11.2 மீட்டர், அப்போ 1/72ல பதினஞ்சரை சென்டிமீட்டர், 1/48ல 23, 1/32ல 35. ஆறு அடியை ஒரு இஞ்சா சுருக்கினா 72, ஒரு அடியை கால் இஞ்சா சுருக்கினா 48, அடி இஞ்ச் கணக்குல பொறந்த நம்பருங்க இதெல்லாம். 1936லயே பிரிட்டன்ல ஃபிராக் பெங்குவின்ங்கிற பேர்ல 1/72ல பிளாஸ்டிக் கிட் வந்துடுச்சு, ஆனா அது செல்லுலோஸ் அசிடேட்ங்கிற பிளாஸ்டிக், இப்ப நாம ஒட்டுற பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் இல்ல.

72க்கும் 48க்கும் ஒண்ணரை மடங்குதானே வித்தியாசம்னு நினைச்சுடாதீங்க, நீளம் அகலம் உயரம் மூணும் ஒண்ணரை மடங்காகும்போது அடைக்கிற இடம் மூணு மடங்குக்கு மேல போயிடுது. பயணிகள் விமானம்னா 1/144 போதும், 747-400ஐ 1/72ல செஞ்சா இறக்கை மட்டுமே 90 சென்டிமீட்டர் கிட்ட வரும், எங்க வைப்பீங்க? முதல் மாடலுக்கு ஒத்தை எஞ்சின் ஃபைட்டர், 1/48, இதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்றேன். பாகங்கள் கைக்கு அடக்கமா இருக்கும், கண்ணும் வலிக்காது.

கேள்வி: எல்லாம் சரியாத்தான் ஒட்டினேன், ஆனாலும் பொம்மை மாதிரியே தெரியுது. ஏன்?

பதில்: ரொம்ப நல்ல கேள்வி, பெரும்பாலும் தடிமன்தான் காரணம். விமானத்தை 72 மடங்கு சின்னதாக்கலாம், பிளாஸ்டிக்கை அந்த அளவுக்கு மெலிசா வார்க்க முடியாது. உங்க மாடலோட இறக்கை பின் ஓரத்தை பக்கவாட்டுல வெச்சு பாருங்க, அரை மில்லிமீட்டர் இருந்தாலே நிஜத்துல அது 36 மில்லிமீட்டர், பலகை மாதிரி! அதனால இறக்கையோட மேல் பாதி, கீழ் பாதி ரெண்டையும் ஒட்டுறதுக்கு முன்னாடி உள்பக்கமா தேய்ச்சு மெலிசாக்குங்க, வெளிப்பக்கம் தேய்ச்சா பேனல் கோடு (தகடுங்க சேர்ற இடத்தை காட்டுற கோடு) அழிஞ்சிடும். சீட் பெல்ட், ஆன்டெனா மாதிரி சமாச்சாரத்துக்கு பித்தளை ஃபோட்டோ எட்ச் (ரசாயனத்தால அரிச்சு வெட்டின மெல்லிய தகடு பாகங்கள்) வாங்கிக்கலாம், காகிதம் மாதிரி மெலிசா இருக்கும். பெயிண்டும் ஒரு தடிமன்தான், மறந்துடாதீங்க, நீர்க்க கலந்து ரெண்டு மூணு கோட்டா அடிக்கணும்.

கேள்வி: விமானி உக்கார்ற காக்பிட்டை ரெசின்ல வார்த்து தனியா விக்கிறாங்களே, அதை வாங்கினேன், பிளாஸ்டிக் பசையில ஒட்டவே மாட்டேங்குது.

பதில்: ஒட்டாதுங்க. அந்த பசை பாலிஸ்டைரீனை லேசா கரைச்சு ரெண்டு துண்டையும் ஒண்ணா உருக்கி சேர்க்குது, ரெசின் பாலியூரிதேன், அந்த பசைக்கு கரையாது. சூப்பர் க்ளூ இல்லன்னா எபாக்ஸி (ரெண்டு பசையை கலந்து போடுறது) போடுங்க, பித்தளைக்கும் அதேதான். அதுக்கு முன்னாடி சோப்பு தண்ணில கழுவுங்க, அச்சுல இருந்து வர்ற எண்ணெய் பிசுக்கு இருந்தா பெயிண்டும் நிக்காது. தேய்க்கும்போது தண்ணி தொட்டு தேய்ங்க, மாஸ்க்கும் போட்டுக்கங்க, ரெசின் தூசி நுரையீரலுக்கு கெடுதல், இதுல சோம்பேறித்தனம் வேண்டவே வேண்டாம்.

கண்ணாடி மூடிக்கு மட்டும் சூப்பர் க்ளூ கிட்ட போகாதீங்க. நான் ஒரு தடவை ராத்திரி கேனோப்பியை அதுல ஒட்டி வெச்சுட்டு தூங்கிட்டேன், காலைல பாத்தா உள்ள பூரா வெள்ளையா பனி படிஞ்ச மாதிரி, மூணு நாள் உக்காந்து பெயிண்ட் பண்ண டயல் ஒண்ணுகூட தெரியல. அந்த பசையோட ஆவி செய்ற வேலை அது. வெள்ளை பிவிஏ பசை போதும், காஞ்சா தெளிவாயிடும், வழிஞ்சாலும் ஈரத்துணியில துடைச்சிடலாம்.

கேள்வி: டைகாஸ்ட் மாடல் நல்லதா, கிட் நல்லதா?

பதில்: டைகாஸ்ட் துத்தநாக கலவையில வார்த்தது, கனமா, பெயிண்டோட ரெடியா வரும். சேகரிக்கணும்னா அது, செய்யணும்னா கிட்.

கேள்வி: மூக்குல சக்கரம் இருக்கிற ஜெட் செஞ்சேன், வால்ல உக்காந்துடுது.

பதில்: பின்பக்கம் கனம் ஜாஸ்தி. உடம்போட ரெண்டு பாதியையும் ஒட்டுறதுக்கு முன்னாடி, மெயின் சக்கரத்துக்கு எவ்ளோ முன்னால முடியுமோ அவ்ளோ முன்னால, மூக்குக்குள்ள இரும்பு நட்டு ரெண்டு மூணு எபாக்ஸில பதிச்சிடுங்க. டேப் போட்டு தற்காலிகமா எல்லாத்தையும் சேர்த்து, மெயின் சக்கரம் வர்ற இடத்துல ஒரு பென்சிலை குறுக்க வெச்சு நிறுத்தி பாருங்க, மூக்கு கீழ சாஞ்சா சரி. இன்னும் ஒரு நட்டு கூடவே போட்டுடுங்க, பெயிண்டும் வால் பாகமும் சேர்ந்தா கனம் மறுபடி பின்னால போகும்.