அதிகம் பேசப்படாத, ஆனால் உங்களுக்கு மிகவும் பிடித்த ஓவியர் யார்?

லாயிட் ரீஸ். ஆஸ்திரேலியாக்காரர். நம் பக்கம் இந்தப் பெயரைச் சொன்னால் "யாரு அது?" என்றுதான் கேட்பார்கள், அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

1895இல் பிரிஸ்பேனில் பிறந்தவர். அம்மாவுக்குப் பூர்வீகம் மொரீசியஸ். 1917இல் சிட்னிக்கு வந்து, ஸ்மித் அண்ட் ஜூலியஸ் என்ற விளம்பர ஓவிய நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். விளம்பரப் படங்கள், பேனா மையில் கட்டடங்கள் என்று வரைந்து கொடுப்பதுதான் சோறு போட்டது. 1927இல் முதல் மனைவி பிரசவத்தில் இறந்துபோக, மனிதர் அடியோடு உடைந்துவிட்டார். 1931இல் மறுமணம்.

எனக்குப் பிடித்த ரீஸ் அதற்கப்புறம்தான் வருகிறார். 1930களில் சிட்னி துறைமுகத்தை ஒட்டிய மக்மஹான்ஸ் பாயின்ட் பக்கத்துப் பாறைகளையும் அத்திமரங்களையும் வெறும் பென்சிலில் வரைந்தார். அந்த ஊர்ப் பாறை மணற்கல், காற்றும் மழையும் அரித்து அரித்துத் தேன்கூடு மாதிரி குழிகள் விழுந்திருக்கும். ஒவ்வொரு குழிக்குள்ளும் நிழல் எங்கே தொடங்கி எங்கே கறுக்கிறது என்பதைக்கூட விடாமல் பிடித்திருப்பார், வேர் பாறையைக் கவ்வும் இடத்தில் எது கல் எது மரம் என்று ஒரு நொடி தடுமாறிப் போவோம். நானும் பென்சிலில் கிறுக்குகிற ஆள் என்பதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் ஒன்றைப் பார்த்து வரைய உட்கார்ந்தேன். சாயங்காலம் வரை மூன்று குழிதான் முடிந்தது.

சரி, மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1946 முதல் நாற்பது வருடம் சிட்னி பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை மாணவர்களுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தார். நிலக்காட்சி ஓவியத்துக்கு அங்கே பெரிய விருதான வின் பரிசு 1950இல் கிடைத்தது, துறைமுகத்தை வரைந்த எண்ணெய் வண்ணப் படத்துக்கு.

அதே பரிசை 1982இல் மறுபடி வாங்கினார், 87 வயதில்! டாஸ்மேனியாவின் டெர்வென்ட் ஆற்றுக் காலையை வரைந்த படம் அது. அப்போது பார்வை மங்கிக்கொண்டிருந்தது. கடைசிக் காலப் படங்களில் மலையும் தண்ணீரும் வெளிச்சத்துக்குள் கரைந்துபோய் விளிம்பே இல்லாமல் கிடக்கும். கண் போனதால்தான் இப்படி வரைந்தார் என்று சிலர் சுலபமாக முடித்துவிடுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் கோடுகளைத் தளர்த்த ஆரம்பித்தது அதற்குப் பல வருடம் முன்பே. 1988இல் ஹோபார்ட்டில் காலமானார்.

விமர்சகர்கள் கொண்டாடுவது அந்த வெளிச்சப் படங்களைத்தான். எனக்கென்னவோ பாறைதான். நான்காவது குழியை இன்னும் தொடவில்லை.